மரங்கொத்திக்குக் கல்லெறியுமுன்

விடியப் போகும் நேரம். வீட்டுக்காரர் இன்னும் பாயை விட்டு எழும்பவில்லை. வெளியே கப்பில் "டொக், டொக்" என்று தட்டும் ஓசை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கதவைத் திறந்தால், தலையிற் சிவந்த கொண்டையோடு ஒரு மரங்கொத்தி விர்ரென்று பறந்து போகிறது.

பலகையாலும் தகரத்தாலும் கிடுகாலும் கட்டிய வீடுகளில் வாழும் எம்மவர்கள் இப்படியொரு முறைப்பாட்டைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். "கல்லெறிஞ்சாப் பறக்குது. நான் அடுப்படிக்குப் போனாத் திரும்ப வந்து இருக்குது. கப்பு முழுக்கக் கொத்திப் போட்டுது மகன், இதை என்னண்டு நிப்பாட்டுறது?" என்று ஒரு தாய் கேட்டார். பக்கத்தில் நின்றவர், "வயலுக்கு அடிக்கிற மருந்தைச் சோத்தில பிசைஞ்சு வையுங்கோ அக்கா, ஒரு நாளில முடிஞ்சிடும்" என்று வழி சொன்னார்.

அந்த வழி தவறானது என்பதே எமது கருத்து. பறவை மேல் இரக்கம் என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. மரங்கொத்தி எமக்கு ஒரு செய்தி சொல்கிறது. அதைக் கேளாமல் அதைக் கொன்றால் நட்டம் எமக்கே.

பறவை ஏன் கொத்துகிறது?

எமது மாவட்டத்தில் அதிகம் காணப்படும் மரங்கொத்திக்கு வடக்கே முதுகு பொன்னிறம். தெற்கே போனால் சிவப்பு. இடைப்பட்ட இடங்களில் இரண்டும் கலந்த நிறத்திலும் பறவைகளைக் காணலாம். தென்னையிலும் பனையிலும் ஏறி, பட்டைக்குள் இருக்கும் எறும்பையும் வண்டுப் புழுவையும் நீண்ட நாக்கால் இழுத்துத் தின்பதே இதன் தொழில். அந்த வகையில் இது தோட்டக்காரனுக்கு வேலையாள்.

வீட்டு மரத்தில் இது தட்டுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. வேகமாக, உரத்துத் தட்டிவிட்டு ஓய்ந்தால், "இது என் எல்லை" என்று மற்றப் பறவைகளுக்கு அறிவிக்கிறது. தகரத்தில் ஓசை நன்றாக எழும்புவதால் கூரைத் தகரத்திலும் தட்டும். இதனால் மரத்துக்குப் பெரிய சேதமில்லை. பெரிய வட்டத் துவாரமாகக் குடைந்தால் கூடு வைக்க இடம் பார்க்கிறது. சிறு சிறு துவாரங்களாக, ஒரே இடத்தைச் சுற்றிக் கொத்தினால் உள்ளே தீன் இருக்கிறது என்று பொருள். அதாவது, அந்த மரத்திற்குள் கறையானோ, உளுக்கும் வண்டின் புழுவோ, மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டின் குஞ்சுகளோ குடியிருக்கின்றன. எமது கண்ணுக்குத் தெரியாததைப் பறவை கண்டுபிடித்துவிட்டது.

எனவே பறவை வந்த கப்பை முதலிற் சோதியுங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்னும், உளுத்தது பொத்தென்னும். நிலத்தோடு சேரும் இடத்தில் கத்தி முனையைக் குத்துங்கள். விரற்கடை ஆழத்துக்கு இலகுவாக இறங்கினால் அந்தக் கப்பு வீட்டைத் தாங்கவில்லை. வீடுதான் கப்பைத் தாங்கி நிற்கிறது.

இது சிறிய விடயமன்று. 1964 டிசம்பரில் வீசிய புயலைத் திருகோணமலையின் முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி எமது மாவட்டத்தின் வட கரையோரமாகவே நாட்டுக்குள் நுழைந்தது. வாடைக் காற்று ஒவ்வோர் ஆண்டும் வரும். அடி உளுத்த கப்பின் கீழ் பிள்ளைகள் படுத்திருக்கும்போது, அதை முன்கூட்டியே காட்டித் தந்த பறவைக்கு நஞ்சு வைப்பது புத்தியா?

மேலும், வயல் மருந்து பறவையோடு நின்றுவிடாது. கோழி தின்னும், பூனை தின்னும், தவழும் பிள்ளை கையில் எடுக்கும், மழை அதைக் கிணற்றுக்குக் கொண்டு போகும். சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரங்கொத்தி பாதுகாக்கப்பட்ட பறவையாகும்.

நாம் செய்யக்கூடியவை

பறவையை விரட்ட முடியாமல் திண்டாடியவர்கள் நாம் மட்டுமல்லர். 1995 இல் அமெரிக்காவில் டிஸ்கவரி விண்ணோடம் புறப்படத் தயாராக நின்றபோது, அதன் எரிபொருள் தாங்கியின் மேலுறையில் மரங்கொத்திகள் ஏறத்தாழ 200 துளைகளைப் போட்டுவிட்டன. ஜூன் மாதத்தில் புறப்பட இருந்த ஓடம் ஜூலை 13 ஆம் திகதியே புறப்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமும் துளைகளை அடைத்து, ஆந்தைப் பொம்மை வைத்து, ஊதுகுழல் ஊதி, ஆள் வைத்துக் காவல் காத்தது.

அதே நாட்டின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் பின்னர் ஆறு விதமான தடுப்புகளை வீடுகளில் வைத்துச் சோதித்து, 2007 இல் முடிவை வெளியிட்டனர். ஆந்தைப் பொம்மை, பயமுறுத்தும் ஓசை ஆகியவற்றுக்குப் பறவைகள் பழகிவிட்டன. காற்றில் ஆடிப் பளபளக்கும் நாடாவே ஓரளவு தொடர்ந்து பயன் தந்தது. அதுவும் பாதி வீடுகளிலேயே முழுப் பலன் கொடுத்தது. இந்த வித்தை எமக்குப் புதிதல்ல. கதிர் முற்றும் காலத்தில் வயலுக்குக் குறுக்கே பழைய கசெற் நாடா கட்டியவர்கள் தானே நாம்? அதையே கொத்தும் கப்பின் அருகிலும் காற்றில் ஆடும்படி தொங்கவிடலாம். பழைய இறுவட்டும் உதவும்.

ஆயினும் உள்ளே தீன் இருக்கும்வரை பறவை வரும். ஆகவே மரத்தைக் கவனிப்பதே முதல் வேலை. நிலத்திலிருந்து ஏறும் கறையான் மண் கோடுகளைக் கிழமைக்கொரு முறை தட்டி அழியுங்கள். கப்பின் அடி உளுத்திருந்தால் அந்தப் பகுதியை அறுத்தெறிந்து, கல்லின் மேலோ சீமெந்துக் கட்டையின் மேலோ கப்பை நிறுத்திக் காற்றுக்கு அசையாதபடி இறுக்குங்கள். மண்ணில் நேரே ஊன்றாத மரம் நெடுநாள் நிற்கும். விரல் நுழையும் அளவான வட்டத் துவாரமும் கீழே மரத்தூளும் கண்டால் அது கருவண்டின் வேலை. வண்டு விட்டுப்போன பின் மர ஆப்பு அடித்துக் களிமண்ணாற் பூசி அடையுங்கள். மழை படாத வளைக்கும் சிலாகைக்கும் போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசலாம். மழை படும் இடத்தில் அது கழுவுண்டு போகும். புதிய மரம் போடுவதானால் வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையையே தேடுங்கள். வடலிப் பனையின் சோற்றி மரம் கறையானுக்கே விருந்து.

மரத்தைக் குடைந்து கூடு வைத்துக் குஞ்சு பொரித்துவிட்டால் மூன்று கிழமையளவு பொறுங்கள். குஞ்சுகள் பறந்த பின் துவாரத்தை அடைக்கலாம். காகம் கூட்டுக்காகக் கிடுகையும் கட்டுக் கயிற்றையும் இழுத்தால், மீன் கழிவையும் சோற்றையும் முற்றத்தில் எறியாமல் புதைப்பதே முதல் மருந்து. கூரைக்குள் வைக்கோல் சேர்க்கும் அடைக்கலக்குருவிக்கு எமது பெரியவர்கள் தாழ்வாரத்தில் ஒரு முட்டி கட்டிவிட்டார்கள். அதற்கு இடம் கொடுத்தார்கள், கூரையும் தப்பியது. அடைக்கலம் என்ற சொல்லின் பாரம் எம்மை விட யாருக்குத் தெரியும்?

பறவை சொல்லும் மற்றச் செய்தி

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்த மரங்கள் ஏன் உளுத்தன? இந்த வீடுகள் நெடுங்காலம் நிற்பதற்கென்று கட்டப்பட்டவையல்ல. 1984 இல் தென்னமரவாடி மக்கள் எழும்பினார்கள். 1990 இல் மாவட்டத்தின் பல கிராமங்கள் வெறுமையாகின. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக் கணக்காக இருந்தார்கள். 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான் அவர்களின் காணிகள் பல விடுவிக்கப்பட்டன. தற்காலிகம் என்று தந்த கொட்டில்களில் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடமும் போனார்கள். காணிக்குத் திரும்பியவர்களும் முதலில் ஊன்றியது கொட்டிற் கப்பைத்தான். பச்சை மரத்தைக் கறையான் மண்ணில் ஊன்றி ஆண்டுக் கணக்கில் விட்டால் உளுக்காமல் என்ன செய்யும்?

ஆகவே மரங்கொத்தி கொத்திய இடத்தை மூடி மறைக்காதீர்கள். எந்தக் கப்பு, எந்த வளை, எத்தனை ஆண்டு பழையது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிராமத்தில் ஐந்தாறு வீட்டார் சேர்ந்து எழுதினால் அது ஒரு பட்டியலாகும். அதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் ஒன்றாய்ச் சென்று கொடுத்து, நிரந்தர வீட்டைக் கேளுங்கள். தனியே போய்ப் "பறவை கொத்துது ஐயா" என்றால் சிரிப்பார்கள். இருபது வீட்டின் உளுத்த கப்புகளைக் கணக்கோடு காட்டினால் சிரிக்க முடியாது.

வாடைக் காற்றுக்கு முன் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு கப்பாகத் தட்டுவோம். மரங்கொத்தி தொடக்கிய வேலையை நாம் முடிப்போம்.