எல்லையில் திறக்கப்படும் கைபேசி

இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குப் போய்த் திரும்பும் பெண்களை மாத்தளை மாவட்டம் நன்கறியும். கட்டுநாயக்கவில் வந்திறங்கும் அத்தகைய ஒரு பெண்ணின் கைபேசியில் நிலுவைச் சம்பளம் பற்றிய குறுஞ்செய்திகள் இருக்கலாம். எஜமானின் மிரட்டல் குரல்பதிவும், காயங்களின் படங்களும் இருக்கலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு செய்யும் நாளில் அவளுக்கு வேறு சாட்சி கிடைப்பது அரிது. பிள்ளைகளின் படங்களும் வங்கிக் கணக்கும் அதே கருவிக்குள்தான் இருக்கின்றன.

அதைத் திறந்து காட்டும்படி ஓர் அதிகாரி கேட்டால், அவளைக் காக்கும் சட்டம் எது? தெளிவான விடை இல்லை. நமது சுங்கச் சோதனை அதிகாரத்தின் வேர் 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டாலும், தொலைபேசியே பிறக்காத காலத்தில் தீர்வை கட்டாத சரக்கைப் பிடிக்க எழுந்த சட்டம் அது. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்க உரிமை வெளிப்படையாக இடம்பெறவில்லை. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும், அதுவும் தள்ளிப்போடப்பட்டது.

கடத்தலையும் ஆட்கடத்தலையும் சிறுவர் துஷ்பிரயோகத்தையும் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு. நியாயமான சந்தேகம் எழுந்தால் சாதனம் பரிசோதிக்கப்படத்தான் வேண்டும். ஆனால் சந்தேகம் எதுவென்று சொல்லாமலே ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் துருவ விடுவது பாதுகாப்பாகாது. கனடாவின் சுங்கச் சட்டமும் மின்னணுச் சாதனங்களைச் சரக்காகவே கண்டது. காரணமின்றி அவற்றைத் துருவ இடமளித்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என 2020இல் அல்பேர்ட்டா மேன்முறையீட்டு நீதிமன்றமும், 2024இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

இலங்கையில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. ஒரு ஸ்டிக்கரை ஒட்டியதற்காக 2025 மார்ச்சில் ஓர் இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்ட நாடு இது. இங்கே யாரோ அனுப்பிய ஒரு படமோ, ஒரு வாட்ஸ்அப் குழுவில் பெயர் இருப்பதோ குற்றச்சாட்டின் தொடக்கமாகிவிடக்கூடும். சிங்களமோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரியாத பயணி, நீண்ட பயணக் களைப்பில், சீருடைக்கு முன் நின்று கொடுக்கும் 'சம்மதம்' சம்மதமாகாது. தமிழும் அரசகரும மொழியென 1987இலேயே ஏற்ற அரசு, சம்மதப் பத்திரத்தைத் தமிழில் நீட்டவாவது கடமைப்பட்டிருக்கிறது.

எனவே எமது நிலைப்பாடு இது. எழுத்தில் பதியப்பட்ட சந்தேகமும் நீதவானின் ஆணையும் இன்றி எந்த எல்லையிலும் எவருடைய கைபேசியும் திறக்கப்படக்கூடாது. முறைகேடாகப் பிரதியெடுத்த தரவு அழிக்கப்பட வேண்டும். அதை எடுத்தவர் பதில் சொல்லவும் வேண்டும். சேவை வழங்குநரிடம் தகவல் பெறுவதற்கு, அவசர நிலை தவிர, நீதவானின் ஆணை வேண்டும் என்று 2007இன் கணினிக் குற்றச் சட்டமே சொல்கிறது. நிறுவனத்திடம் உள்ள தரவுக்குக் கிடைக்கும் அந்தக் காவலைப் பயணியின் கைக்குள் இருக்கும் தரவுக்கு மறுக்க எந்த நியாயமும் இல்லை. பாராளுமன்றம் இதைச் சட்டமாக்காமல் காலம் கடத்துவது பொறுப்பற்ற செயல்.

சட்டம் வரும்வரை, கடவுச்சொல்லைக் கேட்கும் அதிகாரி எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறார் என்பதை எழுத்தில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கப் பயணிகள் தயங்க வேண்டாம்.