ராம் மேல் பழி போடாதீர்கள்!

"ராம் பத்தலை சார், இன்னொரு ரெண்டு ஜிபி வாங்கிப் போட்டா எல்லாம் சரியாயிடும்." இந்த வசனத்தைக் கேட்காத கம்ப்யூட்டர் லேப் மதுரையில் ஒன்றாவது இருந்தால், அதற்குத் தமுக்கம் பக்கம் சிலையே வைக்கலாம்.

பழங்காநத்தம் ரவுண்டானாவுக்கு அருகில் ஒரு சின்ன பயிற்சி மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது கம்ப்யூட்டர், ஒரே இணைய இணைப்பு. மூலையில் 2 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டி ஒன்று, அதில் லினக்ஸ், அதன்மேல் ஸ்க்விட் பிராக்ஸி. ஒருவர் பார்த்த பக்கத்தை நகலெடுத்து வைத்து, அடுத்தவர் கேட்கும்போது அதையே கொடுப்பதுதான் ஸ்க்விட்டின் வேலை. காலையில் ஒழுங்காக ஓடும். மதியம் மூன்று மணிக்கு ஹார்டு டிஸ்க் கரகரவென்று கத்த ஆரம்பிக்கும். முப்பது திரையிலும் பக்கம் பாதியில் நிற்கும். அன்றைக்கு டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அட்மின் வருவார். "யார்டா படம் டவுன்லோடு பண்றது?" என்று பையன்களைத் திட்டுவார். ஸ்க்விட்டை ரீஸ்டார்ட் செய்வார். போகும்போது ராமுக்குக் கொட்டேஷன் கேட்டுவிட்டுப் போவார்.

பையன்கள் மேலும் தப்பில்லை, ராம் மேலும் தப்பில்லை. தப்பு ஸ்க்விட் கான்ஃபிக் கோப்பில் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியை எழுதியவரும் பெரும்பாலும் அதே அட்மின்தான்!

எல்லோரும் முதலில் கை வைப்பது 'கேச்_மெம்' என்ற வரியில். பெயரில் மெமரி இருக்கிறதே! ஸ்க்விட் மொத்தம் இவ்வளவு ராம்தான் எடுக்கும் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை. அடிக்கடி கேட்கப்படும் பொருள்களை ராமிலேயே வைத்திருக்க ஒதுக்கும் இடம் மட்டும்தான் அது. முன்னாளில் 8 எம்பி, பின்னாளில் 256 எம்பி என்று இருப்பில் வருகிற அளவு. உண்மையில் ராமைத் தின்பது 'கேச்_டிர்', அதாவது டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்.

டிஸ்க் எப்படி ராமைத் தின்னும்? கீழமாசி வீதி மொத்தக்கடையை நினைத்துப் பாருங்கள். குடோனில் எத்தனை மூட்டை கிடக்கிறதோ, கல்லாவில் உள்ள பேரேட்டில் அத்தனை வரி இருக்கும். குடோனைப் பெரிதாக்கினால் பேரேடும் தடிக்கும். ஸ்க்விட்டின் பேரேடு முழுக்க ராமில் இருக்கிறது. ஸ்க்விட்டை உருவாக்கியவர்களே சொல்லும் தோராயக் கணக்கு: டிஸ்க் கேச் 1 ஜிபிக்கு 32 பிட் இயந்திரத்தில் 10 எம்பி, 64 பிட்டில் 14 எம்பி ராம். சராசரிப் பொருள் 13 கேபி என்று வைத்தால் 1 ஜிபியில் சுமார் 80 ஆயிரம் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றுச் சொச்சம் பைட்.

"டிஸ்க் சும்மாதானே கிடக்கு" என்று அட்மின் 100 ஜிபி ஒதுக்கியிருக்கிறார். 100 பெருக்கல் 14 என்றால் 1.4 ஜிபி! இதோடு கேச்_மெம் 256 எம்பி, இணைப்புகளுக்கான இடம், லினக்ஸின் பங்கு எல்லாம் சேர்ந்தால் 2 ஜிபி பெட்டி ஸ்வாப்பில் விழாமல் என்ன செய்யும்? ஸ்க்விட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்தப் பேரேட்டைப் புரட்டுகிறது. பேரேடே டிஸ்க்குக்குப் போய்விட்டால் ஆமைதான்.

அடுத்து, தினமும் நள்ளிரவில் கிரானில் ரீஸ்டார்ட் போடும் மகானுபாவர்கள். ரீஸ்டார்ட் ஆனதும் ஸ்க்விட் செய்யும் முதல் காரியமே அந்த 1.4 ஜிபி பேரேட்டை டிஸ்க்கிலிருந்து மறுபடி ராமில் ஏற்றுவதுதான். கில் மைனஸ் 9 போட்டுக் கொன்றால் இன்னும் மோசம், குடோனைச் சரிபார்த்துச் சரிபார்த்து ஏற்றும்.

பெரிய கேச்சுக்கு ஒரு காலம் இருந்தது. 1996இல் டுவேன் வெஸல்ஸ் ஸ்க்விட்டை வெளியிட்டபோது இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. இங்கே மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001இல் சாரி திட்டத்தின் இணைய மையங்கள் தொடங்கியபோது, ஐஐடி மெட்ராஸின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொடர்பு கொடுத்த வேகம் 35 அல்லது 70 கிலோபிட். அப்படிப்பட்ட இணைப்பில் ஒரு படத்தை இரண்டாம் முறை இறக்காமல் தவிர்த்தாலே லாபம்.

இப்போது? விக்கிப்பீடியா 2015இல் முழுக்க எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போனது. கூகுள், ஃபேஸ்புக், வங்கிகள், அரசுத் தளங்கள் என்று பார்ப்பதெல்லாம் பூட்டிய பெட்டி. ஸ்க்விட் அதை இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுக்கலாம், திறந்து நகலெடுக்க முடியாது. (போலிச் சான்றிதழ் போட்டுத் திறக்கும் வித்தையும் உண்டு. பையன்களின் வங்கிப் பாஸ்வேர்டைப் படிக்கும் பிராக்ஸிக்குப் பெயர் சிக்கனம் இல்லை.) ஆக, நகலே எடுக்க முடியாத காலத்தில் 100 ஜிபி குடோன் எதற்கு?

லேபில் கேச் செய்ய உருப்படியாக மிஞ்சியிருப்பது உபுண்டு, டெபியன் அப்டேட்கள். அவை இன்னமும் பெரும்பாலும் சாதா எச்டிடிபியில்தான் வருகின்றன. ஒரே பேக்கேஜை முப்பது கம்ப்யூட்டரும் கேட்கும். அதற்கு 10 ஜிபி தாராளம். பேரேடு 140 எம்பியைத் தாண்டாது, கோப்புகள் பெரியவை என்பதால் அதற்கும் குறைவாகவே வரும். ஆனால் ஒரு பொருளின் உச்ச அளவு இருப்பில் 4 எம்பிதான். அதை 500 எம்பி போல உயர்த்தி, அந்த வரியை கேச்_டிர் வரிக்கு மேலே எழுதவேண்டும். 'மெமரி_பூல்ஸ்' ஆஃப் செய்தால் காலியான இடத்தை ஸ்க்விட் பிடித்து வைத்துக்கொள்ளாது. அப்டேட்கூட வேண்டாம் என்றால் கேச்_டிர் வரியையே எடுத்துவிடலாம், ஸ்க்விட் அது இல்லாமலும் ஓடும்.

சந்தேகம் இருக்கிறவர்கள் கேச் மேனேஜரின் இன்ஃபோ பக்கத்தைத் திறந்து, ஸ்டோர் என்ட்ரி எத்தனை, ஹிட் எத்தனை சதவீதம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பிறகு ஸ்க்விட்டை நிறுத்தி, பழைய கேச் கோப்புறையை அழித்து, 'ஸ்க்விட் மைனஸ் இசட்' கொடுத்து மறுபடி கிளப்ப வேண்டியதுதான். ராம் வாங்கப் பழங்காநத்தத்தில் பஸ் ஏறியவர் பெரியாரில் இறங்குவதற்குள் வேலை முடிந்திருக்கும்.