மலைக்குப் போக பஸ் வேண்டும்

 

பூனாகலை, கொஸ்லந்தை, பண்டாரவளைப் பக்கத்து உறவுகளே, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறோம். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரு மாதமாக பஸ் தரிப்பிடத்திலும் தேத்தண்ணிக் கடையிலும் இதே பேச்சுத்தான். சனி, ஞாயிறுகளில் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் இளைஞர்கள் பையை மாட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். பண்டாரவளை வரைக்கும் ரயில், அங்கிருந்து பூனாகலை பஸ். பிறகு தியலும நீர்வீழ்ச்சியின் தலைமாட்டுக்கோ லிப்டன் சீட்டுக்கோ நடை. இடைக்கிடை வெள்ளைக்காரர்களும் வருகிறார்கள். இவர்களை உள்ளே விடக்கூடாது, பாதைக்கு கேட் போட வேண்டும் என்கிறார்கள் ஒரு பகுதியார். வானிலும் ஜீப்பிலும் ஏற்றிக்கொண்டு வந்தால்தான் ஊருக்குக் காசு என்கிறார்கள் இன்னொரு பகுதியார். இரண்டு பகுதியாருக்கும் எங்கள் பதில் இது. 'எங்கள்' என்று சொல்வது, அந்த பூனாகலை பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் நின்றுகொண்டே வந்து படிப்பிக்கிற நாலைந்து ஆசிரியர்களையும் அதே பஸ்ஸில் தொங்குகிற பிள்ளைகளின் பெற்றோரையும்.

முதலில் கேட் போடச் சொல்கிறவர்களுக்கு. அந்த கேட்டின் சாவி யார் கையில் இருக்கும்? உங்கள் கையிலும் இருக்காது, எங்கள் கையிலும் இருக்காது. இன்றைக்குக் கொழும்புப் பொடியனுக்குப் பூட்டுகிற கேட் நாளைக்கு விறகுக்குப் போகிற அக்காவுக்கும் பூட்டும். இந்தப் பாதைகளை எந்தத் துரையும் தனியாக வெட்டவில்லை. மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டில் நடந்து, செத்தவர்களை வழியில் போட்டுவிட்டு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் நடந்து நடந்து உண்டான பாதைகள் இவை. எங்கள் முஸ்லிம் ஆட்களும் கண்டி ராஜாக்கள் காலத்திலேயே பொதிமாட்டுத் தாவளத்தோடு இந்த மலைநாட்டில் நடந்தவர்கள். பிறகு புடவை மூட்டையைத் தலையில் வைத்து லயம் லயமாக ஏறி இறங்கினார்கள். நடந்தே பிழைத்த இரண்டு கூட்டம் சேர்ந்து, நடக்க வருகிறவனை மறிப்பது நமக்கு அழகில்லை.

அடுத்தது வான் கட்சி. அப்புத்தளையைப் பாருங்கள். அங்கிருந்து தம்பேதன்னைக்கு பஸ் ஓடுகிறது. 1890இல் லிப்டன் கட்டிய ஸ்டோர் அங்கேதான் இருக்கிறது. அந்த பஸ்ஸில் கொழுந்தெடுக்கிற அம்மாவும் ஜெர்மன்காரரும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போவார்கள். ஸ்டோரில் இறங்கி ஏழு கிலோமீற்றர் போலத் தேயிலைக்குள்ளேயே நடந்தால் லிப்டன் சீட். 1,970 மீற்றர் உயரம். வானம் தெளிந்த காலை என்றால் அம்பாந்தோட்டைக் கடல் வரைக்கும் தெரியும். மேலே லிப்டன் துரை சிலையாகி இன்னும் உட்கார்ந்தே இருக்கிறார். பஸ்ஸில் வருகிறவன் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவன் தேத்தண்ணி குடிப்பான், ரொட்டி சாப்பிடுவான், வழி கேட்பான், ஆட்களோடு கதைப்பான். வானில் வருகிறவன் உச்சியிலேயே இறங்கிப் படம் எடுத்துவிட்டு எல்லவுக்குப் போய் அறை எடுப்பான். அவன் நமக்கு விட்டுப் போவது புகையும் வெறும் போத்தலும்தான்.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். உண்மையான சண்டை அங்கேதான். வார நாளில் காலை பஸ் பிந்தினால் முதலாம் பாடம் போச்சு. ஞாயிறு பின்னேரம் பஸ் வருமா வராதா என்று அந்த ட்ரைவருக்கே நிச்சயமில்லை. பண்டாரவளையில் உயர்தர வகுப்பு முடித்து வருகிற பொம்பளைப் பிள்ளைகள் இருட்டில் நிற்கிறார்கள். கிளினிக் போன கர்ப்பிணித் தாய்மார் ஆட்டோ பிடிக்கிறார்கள். 2021இல் 1,000, 2024இல் 1,350 என்று அடிபட்டு ஏறிய நாட்சம்பளம் போகவர ஆட்டோ கூலிக்கே காணாது. சனி, ஞாயிறில் சனம் இல்லை, அதனால் பஸ் இல்லை என்பார்கள். இப்போது சனம் வருகிறதே! டிக்கட் எடுத்து வருகிற சனம். நாங்கள் பத்து வருடம் கேட்டுக் கிடைக்காத ஞாயிறு பின்னேர பஸ்ஸைக் கேட்க இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? அவர்களை மறித்தால் அந்தக் காரணமும் போய்விடும்.

பெக்கோ ட்ரெயில் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற, 22 கட்டங்களாகப் பிரித்த, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை. அப்புத்தளை, எல்லப் பக்கமாகவும் போகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் காசு கொடுத்தன. பழைய தேயிலை வண்டிப் பாதைகளைத்தான் சேர்த்திருக்கிறார்கள். சந்தோசம், நல்ல வேலை. ஆனால் நடக்கிறவனுக்கு வழி காட்ட வெளிநாட்டுக் காசில் பலகை நடலாம் என்றால், நம் பஸ் தரிப்பிடத்தில் நேர அட்டவணை ஒன்று ஒட்ட எந்த நாட்டுக் காசு வேண்டும்?

வருகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. தியலும தலைமாட்டுக்குப் போகிறவர்கள் மாகல்தெனியப் பக்கமாகத்தான் போகிறீர்கள். அங்கே இருக்கிற வீடுகள் யாருடையவை தெரியுமா? 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கியபோது மிஞ்சியவர்களுடையவை. அந்த வீடுகள் கைக்கு வர இரண்டு வருடம் சென்றது. பலருக்குத் தங்கள் ஆட்களின் ஜனாஸாவைக்கூட எடுக்கக் கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் இங்கே கபரகலையிலும் மண் சரிந்து லயங்கள் போயின. அந்த வாசலில் நின்று படம் பிடிக்காதீர்கள். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரைக்கும் மழை நாட்களில் வரவே வராதீர்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் வாருங்கள். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிற அந்தக் காய்ந்த காற்றுதான் நடக்கவும் நல்லது. இன்னொன்று, தியலும விழுவது பூனாகலை ஓயாவின் தண்ணீர். கீழே வெயில் அடித்தாலும் இங்கே மேலே மழை கொட்டினால் அந்தக் குளங்களில் தண்ணீர் திடீரென்று ஏறும். கீழே 220 மீற்றர் பள்ளம். பூனாகலைப் பக்கம் கறுத்திருந்தால் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவர்களிடம் கேளுங்கள். காலை முதல் பஸ் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்களுடையது. பெரிய பையோடு அதில் ஏறாமல் அடுத்ததில் வாருங்கள். கூடையோடு நிற்கிற பெண்ணைக் கேட்காமல் படம் எடுப்பதும் பிறகு நூறு ரூபாய் நீட்டுவதும் வேண்டாம்.

கடைசியாக, எங்கள் ஆசிரியர் கூட்டத்துக்கே ஒரு குற்றப்பத்திரிகை. தோட்டத்தில் 'மலைக்குப் போயிட்டாங்க' என்றால் கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். வகுப்பில் நாங்கள் சொல்லாத நாளில்லை: "படிக்காட்டி மலைக்குத்தான் போகணும்." இப்படிச் சொல்லிச் சொல்லியே மலையைப் பிள்ளைகளுக்குத் தண்டனையாக்கிவிட்டோம். சுற்றுலா என்றால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு பஸ் பிடிக்கிறோம். நெதர்லாந்திலிருந்து ஆள் வந்து பார்க்கிற இடத்தை, கண்ணுக்கெதிரே இருக்கிற பிள்ளை பார்த்ததில்லை. போன ஆகஸ்ட் விடுமுறையில் பத்தாம் வகுப்பை லிப்டன் சீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்றபோது, "பொம்பளைப் பிள்ளைகள் மலையேறி என்ன செய்யப் போகுது சேர்?" என்று கேட்டவர்கள் இதை வாசிப்பீர்கள். சரி, தாய்மாரும் வாருங்கள் என்றோம். வந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்த ஒரு அம்மா மேலே நின்று சொன்னார், இதுதான் முதல் தடவையாம். ஏனம்மா என்று கேட்டால், "அது வேற டிவிசன் சேர், நமக்கு அங்க என்ன வேலை" என்றார். அப்புறம் அரை மணி நேரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, எது எந்த ஊர் என்று மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் பூமிசாத்திரப் புத்தகத்தில் படித்ததை விரல் நீட்டிக் காட்டினாள். அந்தப் பிள்ளைக்கு மூன்று மொழியும் ஓரளவு வரும். குளவிக்கூடு எந்த மரத்தில், அட்டை எந்த ஓடையில், எந்தக் கல் வழுக்கும் என்பதெல்லாம் தெரியும். அவள் ஏன் நாளைக்கு சுற்றுலா அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்தோடு வழிகாட்டியாகக் கூடாது? வெளியூர் ஜீப்காரர் தமிழும் தெரியாமல் லயத்து வழியாக ஆள் கூட்டிப் போய் உழைக்கும்போது?

பெற்றோர் சிலர் கேட்கிறார்கள், பஸ்ஸைக் கூட்டினால் வெளி ஆட்கள் கூடுவார்கள், ஊர் கெட்டுப்போகாதா என்று. எல்லவைக் காட்டுகிறார்கள். பயம் நியாயமானது, நாங்கள் சிரிக்கவில்லை. ஆனால் ஊரின் வாசல் பஸ்ஸாக இருக்கும் வரைக்கும், வருகிறவன் நமது முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே வர வேண்டும்.

கடிதம் எழுதியாயிற்று. ஞாயிறு பின்னேரம் பண்டாரவளையிலிருந்து ஒரு பஸ், வார நாளில் பள்ளிக்கூட நேரத்துக்குத் தவறாமல் ஒரு பஸ், தரிப்பிடத்தில் மூன்று மொழியிலும் நேர அட்டவணை. இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கடதாசியும் பேனாவும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் ஒரு நிமிடம் நின்று கையெழுத்து வையுங்கள். பெயர் எழுதத் தெரியாத பெரியவர்களுக்காக மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.