மார்க்கு வாங்கினால்தான் மூளையா?

படிப்பிலும் உத்தியோகத்திலும் எல்லா ஜாதியாருக்கும் பங்கு வேண்டுமென்று நாம் வாய் திறந்த நாள் முதல், நம் எதிரிகள் எடுத்து வீசி வரும் ஆயுதம் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் "தகுதி, திறமை". பிறப்பினால் தாங்கள் உயர்ந்தவர்களென்று மேடையேறிச் சொல்ல இப்போது அவர்களுக்கே வெட்கமாயிருக்கின்றது. ஆகவே பிறப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மார்க்கு என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். "மற்ற வேலைக்கு எவன் வந்தாலும் பாதகமில்லை, ஆராய்ச்சி போன்ற நுட்பமான காரியத்திற்குக்கூடவா மார்க்குக் குறைந்தவனை விடுவது? விஞ்ஞானம் கெட்டுப்போகாதா?" என்று மிகவும் கவலைப்படுகின்றார்கள். விஞ்ஞானத்தின்மேல் இவர்கள் கொண்டிருக்கும் அன்பு நமக்குத் தெரியாததா? ராக்கெட்டு விடுவதற்கு முன்னால் அதன் பொம்மையைக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்துவிட்டு வரும் நாடல்லவா இது?

ஆகவே இன்று நாம் வேறெதையும் பேசாமல், நுட்பத்திலும் நுட்பமானதென்று அவர்களே ஒப்புக்கொள்ளும் உயிரணு ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு, அங்கே மார்க்கின் யோக்கியதை என்னவென்று பார்ப்போம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 1961 இல் பிறந்தவர் கரோல் கிரைடர் என்னும் அம்மையார். ஆறு வயதில் தாயை இழந்தவர். எழுத்துக் கூட்டுவதில் தடுமாறுவார். பள்ளிக்கூடத்தில் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் தம்மை ஒரு மந்தமென்றே சிறுவயதில் எண்ணிக்கொண்டிருந்ததாக அவரே சொல்லியிருக்கின்றார். அது டிஸ்லெக்சியா என்னும் தடை. அறிவுக் குறைவல்ல என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

1983 இல் பட்டம் பெற்ற அவர் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் பல சர்வகலாசாலைகளுக்கு மனுப் போட்டார். அதற்கு அந்நாட்டில் ஜி.ஆர்.இ. என்று ஒரு பரீட்சை உண்டு. அம்மையாருக்குக் கல்லூரியில் நல்ல பேர் இருந்தது. பரிசோதனைச்சாலையில் கைப்பட வேலை செய்த பழக்கமும் இருந்தது. ஜி.ஆர்.இ. மார்க்கு மாத்திரம் மட்டம். நேரில் கூப்பிட்டுப் பேசியவை இரண்டே ஸ்தாபனங்கள். அவற்றில் ஒன்றான பெர்க்லி சர்வகலாசாலையில், எலிசபெத் பிளாக்பர்ன் அம்மையாரின் பரிசோதனைச்சாலையில் 1984 இல் போய்ச் சேர்ந்தார்.

அங்கே நடந்த ஆராய்ச்சி என்னவென்றால்: நம் உடம்பின் உயிரணுக்களில் குரோமோசோம் என்னும் நீண்ட இழைகள் இருக்கின்றன. அணு இரண்டாகப் பிரியும்போது இந்த இழையும் படியெடுக்கப்படுகின்றது. ஆனால் படியெடுக்கும் கருவி இழையின் கடைக்கோடிவரை எட்டுவதில்லை. ஆகவே ஒவ்வொரு தடவையும் நுனி சிறிது குறைந்துவிடும். துண்டு நெய்பவர் ஓரத்து நூல் பிரியாமலிருக்க முடிச்சுப் போடுகின்றாரல்லவா? அதுபோல் இழை நுனியிலும் ஒரு முடிச்சு உண்டு. அதற்கு டெலோமியர் என்று பெயர். குட்டைத் தண்ணீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஓரணு உயிரை எடுத்துக்கொண்டு, அதன் முடிச்சில் ஒரே ஆறெழுத்துத் திரும்பத் திரும்ப வருகின்றதென்று பிளாக்பர்ன் 1978 இலேயே கண்டு வெளியிட்டிருந்தார். தேயும் நுனியைத் திரும்ப நீட்டுவது எது என்பதுதான் பாக்கியாய் நின்ற கேள்வி.

இந்தக் கேள்வியைத்தான் மார்க்குக் குறைந்த மாணவி எடுத்துக்கொண்டார். மாதக்கணக்கில் செய்து பார்த்தார், தவறியது, மாற்றிச் செய்தார். 1984 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். ஊரார் சர்ச்சுக்கும் விருந்துக்கும் போயிருக்க, இவர் பரிசோதனைச்சாலைக்குப் போய் எக்ஸ்ரே பிலிமைக் கழுவி எடுத்தார். அதிலே ஏணிப்படி போல வரிசை வரிசையாய்க் கோடுகள்; படிக்குப் படி ஆறெழுத்து! நம் நாட்டில் ஆறெழுத்தை மந்திரமென்று ஜபித்து மோட்சத்திற்குக் காத்திருப்பார்கள். இந்த அம்மையார் ஆறெழுத்தை எண்ணினார், உண்மை கிடைத்தது. எழுத்துக் கூட்டத் தடுமாறியவர் உயிரின் எழுத்தைப் படித்துவிட்டார்.

கண்டவுடன் தம்பட்டம் அடித்தாரா? இல்லை. இது முன்பே தெரிந்த வேறொரு பொருளின் வேலையாயிருக்குமோ என்று தாமே சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகம் தீரும்வரை சோதித்த பிறகே குருவும் மாணவியும் 1985 இல் வெளியிட்டார்கள். அந்த நொதிக்கு டெலோமரேஸ் என்று பெயர். புற்றுநோய்க் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சாகாமல் பெருகிக்கொண்டே போவதற்கு இது துணை செய்கின்றதென்பதும், இது குறைந்தால் எலும்பு மஜ்ஜை வற்றும் சில பரம்பரை நோய்கள் வருகின்றனவென்பதும் பின்னர் தெரிந்தன. 2009 இல் பிளாக்பர்ன், கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. பரிசுச் செய்தி வந்த விடியற்காலையில் கிரைடர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு கதவும் சாத்தப்பட்டிருந்தால் நஷ்டம் யாருக்கு? அந்த அம்மையாருக்கு மாத்திரமா என்று கேட்கின்றோம்.

நிற்க. "இது எங்கோ ஒரு விதிவிலக்கு, ஒரு பெண்ணைக் காட்டி ஊருக்கு நியாயம் சொல்லலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2017 இல் அமெரிக்காவில் வாண்டர்பில்ட், வட கரோலினா ஆகிய இரண்டு சர்வகலாசாலைகளில் உயிரியல் ஆராய்ச்சி மாணவர்களைப் பற்றிக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். ஜி.ஆர்.இ. மார்க்கு, முதல் அரையாண்டு வகுப்பு மார்க்கை ஓரளவு சொல்லிற்றாம். ஆனால் யார் பட்டம் முடிப்பார், எத்தனை வருஷத்தில் முடிப்பார், யார் நல்ல ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுவார் என்பதைச் சொல்லவே இல்லை. அதாவது மார்க்கு மார்க்கைச் சொல்லிற்று, வேலையைச் சொல்லவில்லை. அந்தப் பரீட்சையை நடத்தும் ஸ்தாபனமே, இந்த மார்க்கை மாத்திரம் கொண்டு யாரையும் தள்ளாதீர்கள் என்று சொல்லி வருகின்றது. பின்னர் அங்கே உயிரியல் துறைகள் பல இந்த மார்க்கைக் கேட்பதையே நிறுத்திவிட்டன. சுவாமி பூசாரியைவிட யோக்கியமாய் இருக்கின்றது!

"அந்தக் கணக்கு உள்ளே வந்துவிட்டவர்களைப் பற்றியதுதானே? தள்ளப்பட்டவர்களைப் பற்றி அது என்ன சொல்லும்?" என்று இன்னும் கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். ஒப்புக்கொள்கின்றோம். தள்ளப்பட்டவர்களைப் பற்றி எவரிடமும் கணக்கில்லை. நம்முடைய வழக்கே அதுதான். ஏகலைவனின் கட்டைவிரலை வாங்கிக்கொண்ட பிறகு, அர்ச்சுனனுக்கு நிகரான வில்லாளி எவனுமில்லை என்று சொல்லுவதற்குச் சாட்சி எதற்கு?

பரீட்சையே வேண்டாமென்பதோ, உழைக்காதவனை உள்ளே விடவேண்டுமென்பதோ நமது கொள்கையல்ல. பரீட்சை கேட்பது, விடை முன்பே தெரிந்த கேள்வியை. ஆராய்ச்சி கேட்பது, விடை எவருக்குமே தெரியாத கேள்வியை. முன்னதற்கு ஞாபகமும் வேகமும் பழக்கமும் போதும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். தன் முடிவையே சந்தேகிக்கும் நேர்மை வேண்டும். நூறு தடவை தவறினாலும் நூற்றோராவது தடவை செய்து பார்க்கும் பிடிவாதம் வேண்டும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரியும், பால் தெரியுமா? பால் வேண்டுமானால் கறந்து பார்க்கவேண்டும்.

இதில் மற்றொரு சங்கதியையும் மறைக்கமாட்டோம். கிரைடர் அம்மையார் ஏழை வீட்டுப் பெண் அல்ல. அவர் தகப்பனார் பௌதிகப் பேராசிரியர். பேராசிரியர் வீட்டுப் பெண்ணையே ஒரு பரீட்சை மார்க்கு இத்தனை கதவுகளுக்கு வெளியே நிறுத்திற்றென்றால், தகப்பன் ஏர் பிடிக்க, தாய் களை பறிக்க, குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பெண்ணை அது எங்கே நிறுத்தும்? பத்துத் தலைமுறையாய்ப் படித்த வீட்டுப் பிள்ளை பணம் கட்டித் தனிப் பயிற்சி பெற்று வாங்கும் மார்க்கையும், விளக்குக்கே வழியில்லாத வீட்டுப் பிள்ளை வாங்கும் மார்க்கையும் ஒரே தராசில் வைத்துவிட்டு, அதற்குத் தகுதியென்று பெயரிடுவதைவிடப் பெரிய புரட்டு வேறு உண்டா?

தோழர்களே! உங்கள் பிள்ளை மார்க்குக் குறைந்து வந்தால், "தலையெழுத்து" என்று சொல்லாதீர்கள். தலையில் எழுத்து எதுவுமில்லை. எழுத்து இருப்பது உயிரணுவுக்குள்ளே. அதற்கு ஜாதியும் தெரியாது, மார்க்கும் தெரியாது. "தகுதி எங்கே?" என்று கேட்பவனிடம், "கதவைத் திற, வேலையைக் கொடு, செய்து காட்டுகின்றோம், பிறகு பேசு" என்று சொல்லுங்கள். கதவைத் திறக்காமல் தகுதி பேசுகின்றவன் விஞ்ஞானத்திற்குக் காவல் நிற்கவில்லை. தன் பங்குக்குக் காவல் நிற்கின்றான்.