குறைகுடப் பட்டம் யாருக்கு?

மௌனத்தைப் போற்றிச் சென்ற இதழில் வந்த பிரசங்கக் கட்டுரையைப் படித்தேன். அமைதியைத் தாங்க முடியாதவர்கள் எல்லாரும் குறைகுடங்களாம். தங்களையே எதிர்கொள்ளப் பயந்து டிவியை அலறவிடுகிறார்களாம். இதற்கு அறிவியல் சாட்சி வேறு: வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமத்தி வில்சன் குழு செய்து, 2014இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான சோதனை.

சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வோம். தனி அறையில் 15 நிமிடம் யோசித்துக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னார்கள். அமுக்கினால் ஷாக் அடிக்கும் பொத்தான் ஒன்றும் இருந்தது. 18 ஆண்களில் 12 பேர் ஒரு தடவையாவது அமுக்கினார்கள். கட்டுரையாளர் இத்தோடு நிறுத்திக்கொண்டார். 24 பெண்களில் 18 பேர் தொடவே இல்லையே, அதை யார் சொல்வது? போகட்டும். அங்கே சோதித்தது வேலையில்லாமல் தனித்திருப்பதை, சத்தமில்லாமையை அல்ல. ஷாக் அடித்துக்கொண்டால் அறையில் பாட்டா கேட்கும்?

காதிரைச்சல் உள்ளவர்களை இவர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்? ஊர் அடங்கிய பிறகுதான் அவர்களுக்கு அந்த 'ஙொய்' ஓங்கிக் கேட்கும். ராத்திரியில் ஃபேனோ ரேடியோவோ மெதுவாக ஓடட்டும் என்று காது மருத்துவர்களே சொல்கிறார்கள். அதுவும் ஆன்மாவின் வறட்சிதானா?

பேச்சுக்கு நடுவே விழும் மௌனம் வேறு ஜாதி. கேள்விக்குப் பதில் வர ஆகும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று, பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டுக்கு ஃபோன் போட்டு, "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்கிறார் பெண்ணின் அப்பா. மூன்று நொடி சத்தமே இல்லை. அவருக்கு வயிறு கலங்குகிறது. "வீட்ல கலந்துக்கிட்டு சொல்றோம்" என்று அவர்கள் இழுப்பதற்குள்ளேயே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. இவரா குறைகுடம்?

கடைசியாக, கட்டுரையாளர் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு வீடு. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுகிறார். அம்மா கரண்டி தட்டில் படாமல் பரிமாறுகிறாள். தட்டு எந்த வேகத்தில் நகர்கிறது என்பதை வைத்து, இன்று அடி உண்டா இல்லையா என்று பிள்ளை கணிக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைப் போடுகிறது. யாரும் பார்ப்பதில்லை, ஓடிக்கொண்டிருந்தால் போதும். இதற்குத்தான் நம்மவர் 'உள்ளீடற்ற வாழ்க்கை' என்று பெயர் சூட்டுகிறார்.

அவருக்கு மௌனம் வாய்த்தது, பணம் கட்டிச் சேர்ந்த மலைவாச முகாமில். பிடிக்காவிட்டால் மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு எந்த பஸ்?