கால்பந்துக்கு மாற்றல், பெண்களுக்கு அலைச்சல்!

என் அக்கா மகள் கலிபோர்னியாவில் ஒரு கல்லூரியில் வாலிபால் ஆடுகிறாள். போனில் பேசினால், "மேட்ச் ஆடறதைவிட பிளேன்ல உட்கார்ந்திருக்கறதுதான் ஜாஸ்தி, சித்தி. பாடமும் அங்கேயேதான் படிக்கறேன்" என்று அலுத்துக்கொள்கிறாள்.

விவரம் கேட்டேன். அங்கே பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சங்கமாகச் சேர்ந்து போட்டி நடத்துவது வழக்கமாம். மேற்குக் கரையில் அப்படி 1915ல் தொடங்கியதுதான் 'பேக்-12'. அமெரிக்கக் கால்பந்துக்கு டி.வி.காரர்கள் கொட்டும் பணத்துக்காக, 2024ல் பத்துக் கல்லூரிகள் அதைவிட்டு வேறு சங்கங்களுக்குப் போய்விட்டன. இப்போது லாஸ் ஏஞ்சலிஸ் பெண்கள், சாதாரண மேட்சுக்கே நியூஜெர்சி வரை சுமார் 4,000 கிலோமீட்டர் பறக்கிறார்கள்.

தனித்து விடப்பட்ட இரண்டு கல்லூரிகளில் ஒன்று ஓரிகன் ஸ்டேட். அதன் பெண்கள் கூடைப்பந்து அணி 2024ல் தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. என்ன பயன்? அந்த சீசன் முடிந்ததுமே முக்கிய ஆட்டக்காரிகள் பலர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள்.

கணவருக்கு மாற்றல் வந்தால் குடும்பமே மூட்டை கட்டுகிற கதைதான் இது! கால்பந்துக்கு வாரம் ஒரு மேட்ச்தான். அது எங்கே வேண்டுமானாலும் போகட்டும். கூடைப்பந்து, வாலிபாலுக்கு வாரத்தில் இரண்டு மேட்ச்கூட வரும். அவர்களையாவது பழையபடி பக்கத்துக் கல்லூரிகளோடு ஆடவிட்டால் என்ன குறைந்துவிடும்? வரவு எழுதுகிறவர்கள், படிக்க வந்த பெண்களின் தூக்கத்தையும் செலவுக் கணக்கில் எழுதட்டும்.

– ஒரு வாசகி, கும்பகோணம்.