அரை மணி நேரம் என்னும் மாயக்கணக்கு

திருவனந்தபுரம், தூத்துக்குடி விமான நிலையங்களுக்கிடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 125 கிலோமீட்டர். சிறிய விமானமொன்று அதனை அரை மணி நேரத்தில் கடக்கும். ஆனால், அக்கணக்கு விமானத்திற்கு உரியது, பயணிக்கு உரியதன்று. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் வாழும் தமிழர், நேரடிச் சேவை இருப்பினும், முதலில் எதிர்த்திசையில் திருவனந்தபுரம் சென்று, சோதனைகளுக்குக் காத்திருந்து, கிழக்கே பறந்து, தூத்துக்குடி நகருக்கு வெளியே வாகைக்குளத்தில் இறங்க வேண்டும். அதற்குள் அரை நாள் கழிந்துவிடும்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரித்த இவ்வூர்களைப் பாறசாலை வழியே நாகர்கோவிலோடு இணைத்தது 1979இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை. அதனை முழுமையாக இரட்டைப்பாதையாக்கி, உள்ளூர் வண்டிகளைப் பெருக்குவதே இம்மக்களுக்குப் பயன்தரும். தொலைவை ஓடுபாதைகளுக்கிடையே அன்று, வீட்டு வாசல்களுக்கிடையே அளத்தல் வேண்டும்.